மலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு எந்தப் பரிசோதனை? தங்கைக்காகப் போட்ட கணக்கு

ஜூன் மாதம் தங்கை கீழே வந்தபோது அவளுக்கு 12ஆவது வாரம். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் அவள் வீட்டுக்காரருக்கு வேலை. வந்ததும் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். என்.டி. ஸ்கேன், டபுள் மார்க்கர் என்று மருத்துவர் எழுதியிருந்தார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் மாதிரி குறை இருக்குமா என்று பார்க்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அவை. அதற்குக் கீழே, "விருப்பம் இருந்தால் பி.எல்.ஜி.எஃப்." என்று ஒரு வரி. பிரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால பி.பி. நோய் வர வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே கணிக்க உதவும் ரத்தப் பரிசோதனை அது.

"'விருப்பம் இருந்தால்'னா என்னக்கா அர்த்தம்? வேணுமா, வேண்டாமா?"

நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். மருத்துவர் இல்லை. ரத்தம் எடுப்பேன், மெஷினில் போடுவேன், வரும் எண்ணை எழுதிக் கொடுப்பேன். ஆனால் இந்தக் கேள்வியோடு எனக்கு வேறொரு சொந்தமும் உண்டு, அந்த நோய் எனக்கே வந்தது. எட்டு வருடத்துக்கு முன் என் முதல் பிரசவத்தில், 31ஆவது வாரம், காலில் கொலுசு பதிந்து தடம் விழ ஆரம்பித்தது. அம்மா அதைக் கழற்றி வைத்துவிட்டு, "மாசமா இருக்கறப்ப கால் வீங்கறது சகஜம்" என்றார். நான் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் பி.பி. 138/88 என்று எழுதி, எல்லைக்குள்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சிறுநீரில் புரதம் பார்க்கவில்லை. தினமும் எத்தனையோ பேருடைய சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்த நானும் என்னுடையதைப் பார்க்கவில்லை. 33ஆவது வாரத்தில் தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது மாதிரி, பி.பி. 170/110. அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன். மகன் 1.4 கிலோ. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தது என்னை விட்டுப் போகாது.

அதனால் தங்கைக்கு என்னென்ன வழி இருக்கிறது, எதற்குச் செலவு செய்யலாம், எதை விடலாம் என்று உட்கார்ந்து எழுதினேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இங்கே தருகிறேன். முடிவு எடுப்பது உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக பி.பி. 140/90-ஐத் தாண்டி, கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, அல்லது ஈரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை என்று எதிலாவது பாதிப்பு தெரிந்தாலோ அது பிரீஎக்ளாம்ப்சியா. உலக அளவில் நூறு கர்ப்பத்தில் 2 முதல் 8 வரை வருகிறது. ஆனால் பி.பி. ஏறும்போது நோய் தொடங்குவதில்லை. தொடக்கம் நஞ்சுக்கொடியில், பல வாரங்களுக்கு முன்பே நடந்துவிடுகிறது. கருப்பைச் சுவரில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஏற்காட்டு மலைப்பாதை மாதிரி சுருள் சுருளாக வளைந்து போகும். கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, தசைச் சுவரை மாற்றி, குழாயை நன்றாக அகலமாக்க வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றால் ரத்தம் சீராக வராது. குழந்தைக்குச் சத்தும் பிராணவாயுவும் குறையும். நஞ்சுக்கொடி நொந்துபோய்த் தாயின் ரத்தத்தில் சில புரதங்களை அதிகமாகக் கொட்டும். குழந்தை வளராமல் நிற்பதும் தாய்க்கு பி.பி. ஏறுவதும் பல நேரம் சேர்ந்தே வருவது இதனால்தான். 34 வாரத்துக்கு முன் வரும் நோயில் இது இன்னும் அதிகம்.

அந்தப் புரதங்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். பி.எல்.ஜி.எஃப். என்பது ரத்தக்குழாய்களை வளர்க்கவும் நலமாக வைக்கவும் நஞ்சுக்கொடி சுரப்பது. எஸ்.எஃப்.எல்.டி-1 என்பது அதை ரத்தத்திலேயே பிடித்துக் கட்டிப்போட்டு வேலை செய்யவிடாமல் தடுப்பது. முதலாவது குறைந்து இரண்டாவது ஏறினால் தாயின் ரத்தக்குழாய்ச் சுவர் முழுவதும் பாதிக்கப்படும். இந்த இரண்டாவது புரதத்தின் பங்கை 2003ல் வெளியே கொண்டுவந்த குழுவை நடத்தியவர் இந்தியாவில் மருத்துவம் படித்து அமெரிக்கா போன சிறுநீரக மருத்துவர் ஆனந்த் கருமஞ்சி. அடுத்த ஆண்டே வந்த இன்னொரு ஆய்வு, நோய் வெளியே தெரிவதற்குச் சுமார் ஐந்து வாரத்துக்கு முன்பே இந்தப் புரதம் ரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது என்று காட்டியது. அதைப் படித்த நாளில் என் 138/88-ஐ நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் ரத்தத்தில் அந்த எண் எங்கே இருந்திருக்கும்!

சரி, தங்கைக்கு முன்னால் இருந்த முதல் வழி: 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் செய்யும் ஆரம்பக் கணிப்பு. இதில் வெறும் ரத்தப் பரிசோதனை மட்டும் இல்லை. ஒன்று, வயது, எடை, குடும்ப வரலாறு என்று தாயின் விவரங்கள்; இரண்டு, இரண்டு கையிலும் எடுத்த பி.பி.யின் சராசரி; மூன்று, கருப்பை ரத்தக்குழாயின் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்; நான்கு, ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப். நான்கையும் ஒன்றாகக் கணக்குப் போடும் முறை இது. லண்டனில் உள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் உருவாக்கியது. 37 வாரத்துக்கு முன் வரப்போகும் நோயில் சுமார் நான்கில் மூன்றை இது முன்கூட்டியே பிடிக்கும். அதற்கு விலையாக, நோய் வராத பெண்களில் பத்தில் ஒருவருக்கும் "ஆபத்து அதிகம்" என்று வரும். 37 வாரத்துக்குப் பின் வரும் நோயில் பாதியைக்கூடப் பிடிக்காது.

பிடித்து என்ன செய்வது? இங்கேதான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. 2017ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், இப்படி ஆபத்து அதிகம் என்று வந்த 1,776 பெண்களில் பாதிப் பேருக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. 11-14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை. 37 வாரத்துக்கு முன் பிரீஎக்ளாம்ப்சியா வந்தது போலி மாத்திரைக் குழுவில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 1.6 சதவீதம். பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்குவது முக்கியம். ரத்தக்குழாய்கள் மாறும் வேலை நடந்துகொண்டிருக்கும் காலம் அதுதான். இருபதாவது வாரத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனின்போது நினைவு வந்து கேட்டால் நேரம் தாண்டியிருக்கும்.

இவ்வளவு நல்ல சோதனை என்றால் தங்கைக்கு எடுத்துவிட வேண்டியதுதானே என்று எனக்கும் தோன்றியது. ஒரு ராத்திரி யோசித்தபிறகு வேண்டாம் என்று சொன்னேன். காரணம் எளிது. அவளுக்கு இது முதல் கர்ப்பம். கூடப் பிறந்த அக்காவான எனக்கு இந்த நோய் வந்திருக்கிறது. இவை இரண்டும் மருத்துவ வழிகாட்டிகள் எண்ணும் நடுத்தர ஆபத்துக் காரணங்கள். இரண்டு சேர்ந்தால் சோதனை எதுவும் இல்லாமலேயே ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட முறை. முன்பு இதே நோய் வந்தவர், ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் உள்ளவர் என்றால் அந்த ஒரு காரணமே போதும். தங்கையின் மருத்துவரிடம் என் கதையைச் சொன்னோம். அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை! ஒவ்வாமை, ரத்தக்கசிவு எதுவும் இல்லையா என்று கேட்டுவிட்டு அன்றே மாத்திரை எழுதினார். எண் எப்படி வந்தாலும் மாத்திரை அதேதான் என்றால், அந்த எண்ணுக்குக் கொடுக்கும் பணம் வேறு இடத்தில் அதிகம் உதவும்.

இதையே வேறு ஒருவருக்குச் சொல்லமாட்டேன். முதல் கர்ப்பம், குடும்பத்தில் யாருக்கும் இல்லை, வேறு நோயும் இல்லை என்று இருக்கும் பெண்ணைப் பட்டியல் பார்த்து "ஆபத்து இல்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள். நோய் வரும் பெண்களில் பலர் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். அவர்களிடம் ஆஸ்பிரினா இல்லையா என்ற முடிவை பி.எல்.ஜி.எஃப்.தான் மாற்றும். வசதி இருந்தால் அங்கே செலவு செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டபுள் மார்க்கர் ஏற்கெனவே எடுக்கிறீர்கள் என்றால் அந்த அறிக்கையில் பேப்-ஏ என்று ஒரு எண் இருக்கும். எல்லோரும் டவுன் சிண்ட்ரோம் வரியைப் பார்த்துவிட்டு, "லோ ரிஸ்க்" என்றதும் மடித்து வைத்துவிடுகிறார்கள். பேப்-ஏ நஞ்சுக்கொடி சுரப்பதுதான். அது சராசரியில் 0.4 மடங்குக்கும் கீழே இருந்தால் பிற்பாடு குழந்தை வளர்ச்சி குறைய வாய்ப்பு கூடுதல். மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதேபோல என்.டி. ஸ்கேனுக்குப் படுத்திருக்கும்போதே கருப்பை ரத்தக்குழாய் டாப்ளரையும் பார்த்துவிட முடியும், முன்கூட்டியே சொன்னால். தங்கைக்கு இரண்டும் அப்படித்தான் கிடைத்தன. பேப்-ஏ நல்ல அளவில் இருந்தது, டாப்ளரும் சரி.

இரண்டாவது வழி, 24 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால் எடுக்கும் விகிதச் சோதனை. எஸ்.எஃப்.எல்.டி-1 எண்ணை பி.எல்.ஜி.எஃப். எண்ணால் வகுத்தால் வருவது. பி.பி. கொஞ்சம் ஏறியிருக்கிறது, சிறுநீரில் லேசாகப் புரதம், ஆனால் நோய் என்று சொல்ல முடியவில்லை என்ற இடத்தில் இது கைகொடுக்கும். 2016ல் வெளியான பிராக்னாஸிஸ் ஆய்வு 38 என்ற எல்லையைக் கொடுத்தது. 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்று சொல்வது 99.3 சதவீதம் சரியாக இருந்தது. 38-ஐத் தாண்டினால் அடுத்த நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது 36.7 சதவீதம் பேருக்குத்தான். அதாவது இந்தச் சோதனை "இல்லை" என்றால் நம்பலாம். "ஆமாம்" என்றால் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும், பயந்துவிட வேண்டியதில்லை. 34 வாரத்துக்கு முன் 85-ஐயும், அதற்குப் பின் 110-ஐயும் தாண்டினால் கதை வேறு. அங்கே நோய் இருப்பதற்கே வலுவான அடையாளம். அமெரிக்காவில் இந்த வகைச் சோதனைக்கு 2023ல்தான் அனுமதி கிடைத்தது. பிரிட்டனில் பி.எல்.ஜி.எஃப். மட்டும் பார்க்கும் முறையும் உண்டு. 100-க்குக் கீழே வந்தால் கவனம். 2019ல் வந்த ஆய்வில், அந்த எண்ணை மருத்துவருக்குத் தெரியப்படுத்தியபோது நோயைக் கண்டுபிடிக்கும் நேரம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது.

மலைக்காரர்களுக்கு அந்த "இல்லை" எவ்வளவு பெரியது என்று கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. சந்தேகம் என்றாலே மூட்டை கட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, வார்டில் படுத்து, கூட ஒருவர் உட்கார்ந்து, கூலி போய், ஒன்றுமில்லை என்று திரும்புவது. ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு எண் சொன்னால் அது பெரிய நிம்மதி. ஆனால் நான் வேலை செய்யும் இடத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் மெஷினில் இது ஓடாது. ரத்தத்தைப் பிரித்து, குளிரில் வைத்து, வெளியூருக்கு அனுப்புகிறோம். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள். அந்த 99.3 சதவீத உறுதி ரத்தம் எடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்கு. மூன்று நாள் கூரியரில் போனால் கையில் மிஞ்சுவது நான்கு நாள்தான். அந்த மூன்று நாளில் பி.பி. ஏறினால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆகவே ரத்தம் கொடுக்கும் முன் "எத்தனை நாளில் வரும், எந்த ஊரில் ஓடுகிறது?" என்று கேளுங்கள். எங்கள் விலைப்பட்டியலில் கர்ப்பிணிகளுக்கான சோதனைகளில் விலை கூடினதும் இதுதான். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு இதைச் சும்மா எடுத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆய்வே சந்தேகம் வந்த பெண்களிடம் செய்ததுதான். தங்கை விஷயத்தில் இதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். தேவை வந்தால் எடுப்போம்.

யூரிக் ஆசிட் சோதனையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மலிவு, நோய் வந்தபின் ஏறும், ஆனால் முன்கூட்டிச் சொல்லும் திறன் குறைவு. அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

மூன்றாவது வழி, குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் குரோத் ஸ்கேன். ரத்தத்தில் தெரிவது நஞ்சுக்கொடியின் நிலைமை. குழந்தை அதை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க ஸ்கேன்தான் வேண்டும். தாய்க்கு பி.பி. ஏறாமலேயே குழந்தை மட்டும் வளராமல் நிற்பதும் உண்டு, அங்கே பி.பி. கருவி ஒன்றும் சொல்லாது.

தங்கையின் மாமியார் நல்லவர். "எங்க வீட்ல எல்லாருக்கும் பிள்ளைங்க சின்னதாத்தான் பொறக்கும்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். சிறிய உடம்புக்காரத் தாய்க்குச் சிறிய, ஆரோக்கியமான குழந்தை பிறப்பது இயல்பு. சிக்கல் என்னவென்றால், இயல்பாகச் சிறியதும் சத்து கிடைக்காமல் சிறியதானதும் எடையில் ஒரே மாதிரி இருக்கும். பல ஸ்கேன் அறிக்கைகளில் ஹேட்லாக் என்று ஒரு பெயரைப் பார்த்திருப்பீர்கள்; அது அமெரிக்காவின் டெக்சாஸில் எடுத்த அளவுகள். இன்டர்குரோத் என்ற அளவுகோலுக்குச் சேர்த்த எட்டு ஊர்களில் நம் நாக்பூரும் ஒன்று. அதே வாரத்தில் உள்ள நூறு குழந்தைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பத்தாவது இடம்தான் பத்தாவது சென்டைல். எந்த அளவுகோல் என்பதைப் பொறுத்து ஒரே குழந்தை அதற்கு மேலேயும் வரும், கீழேயும் வரும். அதனால் ஒரு ஸ்கேனில் வந்த ஒரு எண்ணைப் பார்த்து அழாதீர்கள். இரண்டு, மூன்று ஸ்கேன் சேர்ந்து கோடு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். தன் கோட்டிலேயே ஏறும் சிறிய குழந்தை பெரும்பாலும் நலமாக இருக்கும். கோட்டை விட்டு இறங்கும் குழந்தைதான் கவலை. மூன்றாவது சென்டைலுக்குக் கீழே போனால் அதற்குமேல் வேறு சாட்சி தேவையில்லை.

இயல்பாகச் சிறிய குழந்தையையும் சத்து கிடைக்காமல் சிறியதான குழந்தையையும் பிரித்துக் காட்ட டாப்ளர் உதவும். தொப்புள்கொடி ரத்தக்குழாயில் இதயத் துடிப்புகளுக்கு நடுவிலும் ரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். நஞ்சுக்கொடி அடைபட அடைபட அந்த ஓட்டம் குறையும், நிற்கும், மோசமான கட்டத்தில் பின்னோக்கிப் போகும். என் மகனுக்கு நின்றுவிட்டிருந்தது. மூளைக்குப் போகும் குழாயில் ஓட்டம் கூடினால் குழந்தை இருக்கும் ரத்தத்தை மூளைக்குத் திருப்புகிறது என்று அர்த்தம். குழந்தை சின்னது, டாப்ளரும் சந்தேகம் என்ற நிலையில் பி.எல்.ஜி.எஃப். குறைவாக வந்தால் காரணம் நஞ்சுக்கொடிதான் என்ற பக்கம் தராசு சாயும். ரத்தமும் ஸ்கேனும் ஒன்றுக்கொன்று துணை போவது இங்கேதான்.

மலை உயரத்தால் குழந்தை சின்னதாகுமா என்று தங்கை கேட்டாள். உயரமான இடங்களில் பிறப்பு எடை குறைவதும் இந்த நோய் கூடுவதும் ஆய்வுகளில் வந்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பொலிவியாவின் லா பாஸ் மாதிரி 3,000 மீட்டருக்கும் மேலான ஊர்கள். ஏற்காடு 1,500 மீட்டர், அதில் பாதிதான்.

கடைசியாக, எல்லோரும் சாதாரணமாக நினைக்கும் வழி: பி.பி.யும் சிறுநீரும். என் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். நாணயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022ல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில், வீட்டில் பி.பி. பார்த்த கர்ப்பிணிகளுக்கு பி.பி. ஏறியது ஒன்றும் முன்னதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் அங்கே வழக்கமான கவனிப்பே அடுத்த தெருவில் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியர் மலையில் ஊர் ஊராக நடந்து வருகிறார். மழைக்காலத்தில் அவரால் வர முடியாத வாரமும் உண்டு. அந்த இடைவெளியில் வீட்டுக் கருவி இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல என்பது என் தீர்மானம்.

கருவி வாங்கும்போது கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த மாடலா என்று பாருங்கள். சில கருவிகள் இந்த நோயில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கையில் சுற்றும் பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். சின்னதாக இருந்தால் எண் கூடிவிடும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க, பேசாமல் எடுக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன் காபி கூடாது. காபித் தோட்டத்தில் இருப்பவளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 140/90 வந்தால் அன்றே பேச வேண்டும். 160/110 வந்தால் யாரையும் கேட்காமல் 108. தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் எண் எவ்வளவு என்றாலும் புறப்பட வேண்டும். சிறுநீர்ப் பட்டையில் ஒரு பிளஸ் வந்தால் ஆய்வகத்தில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும், 0.3-ஐத் தொட்டால் புரதம் போகிறது என்று பொருள். உப்பைக் குறைத்தால் இந்த நோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. தட்டுவடை செட் மாதிரி தின்பண்டத்தை நிறுத்தியதால் பி.பி. வராமல் போகாது. கால்சியம் மாத்திரையை விடக் கூடாது, நம் சாப்பாட்டில் கால்சியம் குறைவு என்பதால்.

அப்புறம் எங்கள் முடிவு இதுதான். பி.எல்.ஜி.எஃப். இப்போது வேண்டாம். ஆஸ்பிரின் 36 வாரம் வரை. மிச்சமான பணத்தில் பி.பி. கருவியும் சிறுநீர்ப் பட்டை டப்பாவும். குரோத் ஸ்கேனும் டாப்ளரும் 28, 32, 36ஆவது வாரங்களில். விகிதச் சோதனைக்குப் பணம் தனியாக. அவசரம் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு நேராக வந்துவிட வேண்டும்; நடுவில் எங்கும் நிற்கக் கூடாது. தாய்க்கும் குறைமாதக் குழந்தைக்கும் ஒரே வளாகத்தில் சிகிச்சை கிடைக்கும்.

இப்போது அவளுக்கு 26 வாரம். காலையும் மாலையும் நோட்டில் எழுதி எனக்குப் படம் அனுப்புகிறாள். நேற்று 114/72. தீராமல் நிற்பது ஒன்றே ஒன்று. 34ஆவது வாரத்தில் என் வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறேன். அது நவம்பர். மழை உச்சத்தில் இருக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து எல்லோரும் குப்பனூர் வழியாகச் சுற்றியதை அவளும் பார்த்தாள். ஆனால் காபிப் பழம் பறிப்பு தொடங்குவதும் அப்போதுதான். வீட்டுக்காரரைத் தனியாக விட்டு எப்படி வருவது என்கிறாள். 28ஆவது வார ஸ்கேனுக்கு இரண்டு பேரும் சேர்ந்து இறங்கி வருகிறார்கள். அவரிடம் அன்றைக்கு நேரில் பேசலாம் என்றிருக்கிறேன்.